மின்சாரம் நின்றபின் சில நிமிடங்கள்

மின்சாரம் நின்றுவிட்டால் வீட்டிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கின்றன. மின்விசிறி தன் நிலைமத்தால் இன்னும் சில சுற்றுகள் சுற்றி மெல்ல நிற்கிறது. குளிர்பதனப் பெட்டி சில மணி நேரம் தன் குளிர்ச்சியைக் காத்துக்கொள்கிறது. விளக்கு உடனே அணைகிறது. மின்சாரம் வந்ததும் ஒன்றும் நடவாதது போல மீண்டும் எரிகிறது. இவற்றுள் எதற்கும் பெருந்தீங்கு நேர்வதில்லை. கணிப்பொறியின் கதை வேறு. அது செய்துகொண்டிருந்த வேலையை மறந்துவிடுகிறது.

ஏன் மறக்கிறது? நீங்கள் தட்டச்சு செய்யும் எழுத்துகளும், கணக்குகளின் இடைநிலை விடைகளும் முதலில் கணிப்பொறியின் உள் நினைவகத்தில்தான் தங்குகின்றன. அங்கே ஒவ்வொரு செய்தித் துணுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டமாக இருக்கிறது. அம்மின்னூட்டம் இடைவிடாமல் கசிந்துகொண்டிருப்பதால், ஒரு நொடிக்குள் பல முறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நிற்கிறது. நிலையான சேமிப்புத் தட்டுக்குப் போய்ச் சேராத செய்தி அத்துடன் அழிகிறது.

‘சேமி’ என்று கட்டளையிட்ட பின்னரும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. இயங்குதளம் வேகத்தைக் கருதிச் செய்திகளைச் சிறிது நேரம் நினைவகத்திலேயே திரட்டி வைத்திருந்து, பிறகு மொத்தமாகத் தட்டில் எழுதுகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால் பாதி புதியதும் பாதி பழையதுமான ஒரு பதிவு மிஞ்சக்கூடும். இன்றைய இயங்குதளங்கள், தாம் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தட்டின் கட்டுக்கோப்பைக் காத்துக்கொள்கின்றன. ஆனால் உங்கள் கோப்பின் உள்ளடக்கம் முழுமையாக இருக்கும் என்று அவை உறுதி கூறுவதில்லை.

இதனால் ஏற்படும் இழப்பு சிறியதன்று. இரவு முழுவதும் கைகர் எண்ணியின் துடிப்புகளைப் பதிவு செய்துவந்த ஆய்வகக் கணிப்பொறி விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுபோனால், மாணவரின் ஒரு நாள் உழைப்பு வீணாகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் அன்றைய வரவு செலவு ஏடு பாதியில் சிதைந்தால், மறுநாள் பலருடைய கணக்கைத் தேட வேண்டியிருக்கும். இத்தகைய இழப்பைத் தடுப்பதற்காகவே யு.பி.எஸ். என்னும் தடையில்லா மின்வழங்கியை வாங்கி வைக்கிறோம். ஆனால் பெட்டியை வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? அதன் பின்புறத்தில் ஒரு மெல்லிய இணைப்பு வடத்துக்கு இடம் இருக்கிறதே, அது எதற்காக? அந்த வடத்தின் வழியே பெட்டியும் கணிப்பொறியும் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் காணப்படும் யு.பி.எஸ். பெட்டிக்குள் பொதுவாக ஓர் ஈய-அமில பேட்டரி இருக்கும். ஈய-அமிலக் கலத்தை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. அத்தகைய ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் நமக்குப் பழக்கமான 12 வோல்ட் பேட்டரி கிடைக்கிறது. வெளி மின்சாரம் இருக்கும்போது அது பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறது. வெளி மின்சாரம் நின்றதும் பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை ஒரு மின்னணுச் சுற்று 230 வோல்ட் மாறு மின்னோட்டமாக மாற்றித் தருகிறது.

இந்த மாற்றத்துக்குச் சில மில்லி நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் கணிப்பொறி நின்றுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்சு. ஆகவே ஓர் அரை அலைக்கு ஆகும் காலம் 10 மில்லி நொடி. கணிப்பொறியின் மின்வழங்கும் பகுதியில் ஒரு பெரிய மின்தேக்கி உண்டு. அதில் சேர்ந்துள்ள ஆற்றலைக் கொண்டு, நல்ல மின்வழங்கி ஒன்று முழுச் சுமையிலும் ஏறத்தாழ 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். அதற்குள் தன் பணியை ஏற்றுக்கொள்கிறது. ஒரு சொட்டு ஆற்றல் ஒரு பாலமாக அமைந்து வேலையைக் காப்பாற்றுகிறது!

எத்தனை நிமிடம் கிடைக்கும்?

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 வோல்ட்-ஆம்பியர் என்று எழுதப்பட்ட ஒரு சிறிய யு.பி.எஸ். பெட்டியை எடுத்துக்கொள்வோம். இத்தகைய பெட்டிகள் பலவற்றில் உண்மைத் திறன் 360 வாட் அளவே இருக்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. அதில் அடங்கிய ஆற்றல் 12 × 7 = 84 வாட்-மணி. நம் கணிப்பொறியும் திரையும் சேர்ந்து 120 வாட் உண்கின்றன என்று கொள்வோம். மாற்றும் சுற்றின் பயனுறுதிறன் 80 சதவீதம் எனில், பேட்டரி 150 வாட் தர வேண்டும். 84-ஐ 150-ஆல் வகுத்தால் 0.56 மணி, அதாவது ஏறத்தாழ 34 நிமிடம் வருகிறது.

இக்கணக்கு பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும் உண்மையில் அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. 7 ஆம்பியர்-மணி என்று பேட்டரியின் மீது எழுதியிருப்பது, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் மின்னிறக்கம் செய்தால் கிடைக்கும் அளவு. நாமோ 150 வாட் கேட்கிறோம், அதாவது 12.5 ஆம்பியர்! அவசரமாகக் கறந்தால் பால் முழுவதும் இறங்காதது போல, வேகமாக மின்னிறக்கம் செய்தால் பேட்டரி தன் முழு ஆற்றலையும் தருவதில்லை. அமிலம் தகடுகளின் நுண்துளைகளுக்குள் ஊடுருவிச் செல்ல நேரம் தேவைப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1897-இல் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் இதற்கு ஒரு விதி கண்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் நேரம் பாதியாகக் குறைவதோடு நிற்பதில்லை. அதற்கும் கீழே போகிறது. மின்னோட்டத்தின் ஓர் அடுக்கை ஒட்டி நேரம் குறைகிறது. அந்த அடுக்கெண்ணை 1.2 என்று கொண்டு கணக்கிட்டால், நம் எடுத்துக்காட்டில் கிடைப்பது சுமார் 16 நிமிடம்தான். சுமையை 240 வாட்டாக உயர்த்தினால் 7 நிமிடத்துக்குச் சற்று மேல். 34 நிமிடம் என்று நம்பியிருந்தவருக்கு 16 நிமிடமே கிடைக்கிறது. அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது!

ஆகவே யு.பி.எஸ். நமக்கு அளிப்பது வேலையைத் தொடர்வதற்கான மின்சாரம் என்று எண்ணாமல், வேலையை ஒழுங்காக முடித்துக்கொள்வதற்கான அவகாசம் என்று எண்ணுவதே பொருத்தம். நாம் அருகில் இருந்தால் அந்த அவகாசத்தில் கோப்பைச் சேமித்துக் கணிப்பொறியை அணைத்துவிடலாம். நாம் உறங்கும்போதும் வெளியே சென்றிருக்கும்போதும் அதைச் செய்வது யார்? இங்கேதான் கண்காணிப்பு மென்பொருள் வருகிறது.

பெட்டி பேசும் மொழி

பழைய நாட்களில் யு.பி.எஸ். இரண்டே செய்திகளைச் சொல்லும். தொடர்முனை வடத்தின் ஒரு கம்பி ‘வெளி மின்சாரம் நின்றது’ என்று கூறும். இன்னொரு கம்பி ‘பேட்டரி தளர்ந்தது’ என்று கூறும். மணி அடிப்பது போன்ற எளிய முறை இது. பிறகு பெட்டிக்குள் நுண்செயலிகள் வந்தன, பேச்சும் வளர்ந்தது. 1997-இல் யு.எஸ்.பி. வழியே மின்வழங்கிகள் பேச வேண்டிய பொது முறை ஒன்று வகுத்து வெளியிடப்பட்டது. அம்முறையைப் பின்பற்றும் பெட்டியை இணைத்தால், விண்டோஸ் போன்ற இயங்குதளங்கள் அதை ஒரு மடிக்கணிப்பொறியின் பேட்டரியைப் போலவே கண்டுகொண்டு, எத்தனை சதவீதம் மின்னேற்றம் உள்ளது என்பதையும் காட்டுகின்றன.

விலை குறைந்த பெட்டிகள் பல இன்னும் எளிய மொழி ஒன்றைப் பேசுகின்றன. கணிப்பொறி ‘க்யூ 1’ என்னும் ஒரு கேள்வியை அனுப்புகிறது. பெட்டி ஒரே வரியில் விடை கூறுகிறது. அந்த வரி இப்படி இருக்கலாம்:

(231.4 231.4 230.2 033 50.0 13.6 33.0 00001001

முதற்பார்வைக்கு மிரட்டும் இந்த வரியை இயற்பியல் மாணவர் எவரும் படித்துவிடலாம். முதல் எண் வெளி மின்சாரத்தின் மின்னழுத்தம், 231.4 வோல்ட். இரண்டாவது எண், சென்ற முறை கேட்டதற்குப் பின் இடையில் மின்னழுத்தம் பிறழ்ந்திருந்தால் அந்தப் பிறழ்ந்த மதிப்பு; பிறழ்ச்சி ஒன்றும் இல்லாததால் இங்கே முதல் எண்ணே மீண்டும் வந்திருக்கிறது. மூன்றாவது, பெட்டி கணிப்பொறிக்குத் தரும் மின்னழுத்தம். 033 என்பது சுமை. அதாவது பெட்டியின் திறனில் 33 சதவீதம். 360 வாட்டில் 120 வாட் சரியாக அந்த அளவுதானே! அடுத்து 50.0 என்பது அதிர்வெண். 13.6 என்பது பேட்டரியின் மின்னழுத்தம். 33.0 என்பது பெட்டியின் வெப்பநிலை, செல்சியசில்.

கடைசியில் நிற்கும் எட்டு இலக்கங்கள் ஆம்-இல்லை விடைகள். இடப்புறத்திலிருந்து முதல் இலக்கம் 1 ஆனால் வெளி மின்சாரம் நின்றுவிட்டது. இரண்டாவது 1 ஆனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. நான்காவது, பெட்டியில் பழுது. ஆறாவது, சோதனை நடக்கிறது. ஏழாவது, பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளும் நடவடிக்கையில் இருக்கிறது. எட்டாவது, ஒலிப்பான் இயங்கும் நிலையில் இருக்கிறது. மேலே உள்ள வரியில் ஐந்தாவது இலக்கம் 1 ஆக இருப்பது, இந்தப் பெட்டி மின்தடையின்போது மட்டும் பேட்டரிக்கு மாறும் வகை என்பதைக் காட்டுகிறது.

இப்போது மின்சாரம் நிற்கிறது. அடுத்த விடை இப்படி வரலாம்:

(000.0 172.0 229.5 033 50.0 12.3 33.0 10001001

மாற்றங்களை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். உள்ளே வரும் மின்னழுத்தம் சுழி. பேட்டரி 13.6-இலிருந்து 12.3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது. எட்டு இலக்கங்களில் முதலாவது 1 ஆகியிருக்கிறது. ஆனால் கணிப்பொறிக்குச் செல்லும் மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கண்காணிப்பு மென்பொருள் சில நொடிகளுக்கு ஒரு முறை இக்கேள்வியைக் கேட்டு, விடைகளைக் குறித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மாதக் குறிப்பைப் புரட்டினால் உங்கள் பகுதியில் எத்தனை முறை மின்சாரம் நின்றது, மின்னழுத்தம் எந்த மணிக்குத் தாழ்கிறது என்பனவெல்லாம் தெரியவரும்.

விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களுள் இரண்டு பெயர் பெற்றவை. ஒன்று ‘ஏ.பி.சி. யு.பி.எஸ்.டி.’ என்பது, இது ஒரு நிறுவனத்தின் பெட்டிகளுக்கென எழுதப்பட்டது. மற்றொன்று ‘நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்’, பல நிறுவனங்களின் பெட்டிகளுடன் பேசவல்லது. நாம் மேலே பார்த்த எளிய மொழியும் அதற்குத் தெரியும். பெட்டியைச் செய்த நிறுவனம் தரும் மென்பொருளும் இருக்கலாம். எதுவாயினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

13.6 வோல்ட் என்னும் மயக்கம்

பலரையும் ஏமாற்றும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. வெளி மின்சாரம் இருக்கும்போது திரையில் ‘பேட்டரி 13.6 வோல்ட், மின்னேற்றம் 100 சதவீதம்’ என்று தெரிகிறது. பேட்டரி நலமாக இருக்கிறது என்று நாம் நிம்மதியடைகிறோம். ஆனால் அந்த 13.6 வோல்ட் மின்னேற்றும் சுற்று பேட்டரியின் முனைகளில் நிலைநிறுத்தும் மின்னழுத்தமே ஆகும். பேட்டரி புதியதாயினும் நான்கு ஆண்டு உழைத்ததாயினும் அந்த எண் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும்.

வேறுபாடு எப்போது தெரியும்? பாடநூலில் படித்த சமன்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கலத்தின் முனை மின்னழுத்தம் என்பது அதன் மின்னியக்கு விசையிலிருந்து, மின்னோட்டத்தையும் அகமின்தடையையும் பெருக்கிய தொகையைக் கழித்தால் வருவது. புதிய பேட்டரியின் அகமின்தடை 0.03 ஓம் என்று கொள்வோம். 12.5 ஆம்பியர் பாயும்போது உள்ளே இழக்கப்படுவது 0.4 வோல்ட் அளவே. 12.8 வோல்ட் மின்னியக்கு விசையுள்ள பேட்டரி 12.4 வோல்ட் தரும். முதுமையடைந்த பேட்டரியில் அகமின்தடை 0.15 ஓமாக உயர்ந்திருந்தால் இழப்பு 1.9 வோல்ட்; முனைகளில் கிடைப்பது 10.9 வோல்ட். அதோடு நிற்பதில்லை. மின்னழுத்தம் குறையும்போது அதே 150 வாட்டைத் தருவதற்கு மின்னோட்டம் கூட வேண்டியிருக்கிறது. கூடினால் இழப்பும் கூடுகிறது. பேட்டரிக்குத் தீங்கு நேராதிருக்க யு.பி.எஸ். பெட்டிகள் வழக்கமாக 10.5 வோல்ட் அளவில் நிறுத்திக்கொள்கின்றன. கிழப் பேட்டரி அந்த எல்லையைத் தொட அதிக நேரம் ஆகாது.

மின்னோட்டம் பாயாதபோது அகமின்தடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை என்பதே இதன் சாரம். ஓடச் சொல்லாமல் ஒருவருடைய மூச்சின் வலிமையை அறிய இயலுமா? ஆகவே பேட்டரியைச் சுமையோடு சோதித்துப் பார்ப்பதே அதன் நலத்தை அறிய நம்பத்தக்க வழி.

மென்பொருள் இதற்கு உதவுகிறது. ‘டி’ என்னும் ஒற்றை எழுத்துக் கட்டளையைப் பெற்றதும் எளிய மொழிப் பெட்டி 10 நொடி நேரம் பேட்டரியில் இயங்கிக் காட்டுகிறது. அந்தப் பத்து நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, அதே சுமையில், இவ்வாறு குறித்து வந்தால் பேட்டரியின் முதுமை கண்ணுக்குத் தெரியும். சில உயர்தரப் பெட்டிகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தானாகவே சோதித்துக்கொள்ளும்படி அமைக்கலாம்.

வெப்பமும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. 25 செல்சியசில் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும் பேட்டரி, சுமார் 10 பாகை கூடுதலான வெப்பநிலையில் பாதிக் காலமே உழைக்கும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொது விதி. நம் ஊர்க் கோடையில் சுவரோரமாக, காற்று புகாத மேசைக்கடியில் பெட்டியைத் திணித்து வைப்பவர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும். அந்த ஒரு வரியில் வெப்பநிலையும் இடம்பெற்றிருப்பது வீணாக அன்று.

எப்போது அணைப்பது?

கண்காணித்தல் ஒரு பாதி. மறு பாதி, எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லி வைப்பது. மின்சாரம் நின்ற உடனே கணிப்பொறியை அணைத்துவிடலாமா? கூடாது. பெரும்பாலான மின்தடைகள் சில நொடிகளில் தீர்ந்துவிடுபவை. ஏ.பி.சி. யு.பி.எஸ்.டி. மென்பொருளில் முதல் 6 நொடி வரை மின்தடையைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கும்படி முன்னரே அமைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்பே பயனாளர்களுக்கு எச்சரிக்கை.

அணைப்பதற்கு மூன்று நிபந்தனைகளை வைக்கலாம். மின்னேற்றம் இத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அணை. மீதி நேரம் இத்தனை நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் அணை. மின்தடை தொடங்கி இத்தனை நொடி கடந்தால் அணை. மூன்றில் எது முதலில் நிறைவேறுகிறதோ அதன்படி மென்பொருள் நடக்கும். நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் முதலாவது 5 சதவீதம், இரண்டாவது 3 நிமிடம் என்று இருக்கும், மூன்றாவது செயல்படாது.

இவற்றை அப்படியே விட்டுவிடலாமா? சற்றுச் சிந்தியுங்கள். சதவீதமும் மீதி நேரமும் மதிப்பீடுகளே. எளிய பெட்டிகள் பேட்டரியின் மின்னழுத்தத்தை மட்டுமே சொல்கின்றன. நிறைந்த நிலைக்கும் காலியான நிலைக்கும் உரிய மின்னழுத்தங்களை வைத்து மென்பொருள் இடைமதிப்பு காண்கிறது. கிழப் பேட்டரியில் மின்னழுத்தம் படிப்படியாக இறங்காமல் கிணற்றில் கல் விழுவது போல விழும். திரையில் 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்துபோகலாம்.

ஆகவே அளந்து பார்த்த நேரத்தைக் கொண்டு எல்லைகளை அமையுங்கள். நம் எடுத்துக்காட்டுப் பெட்டி புதிதாக இருக்கும்போது 16 நிமிடம் தாங்குகிறது. இரண்டொரு ஆண்டில் அது பாதியாகக் குறைந்து 8 நிமிடம் ஆகலாம். உங்கள் கணிப்பொறி எல்லா நிரல்களையும் மூடி முழுமையாக அணைய 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறது எனில், மின்தடை தொடங்கி 4 நிமிடத்தில், அதாவது 240 நொடியில், அணைக்கத் தொடங்கும்படி மூன்றாவது நிபந்தனையை அமைக்கலாம். தளர்ந்த பேட்டரியிலும் தேவையைப் போல் இரு மடங்கு நேரம் கையிருப்பில் இருக்கும். முதலிரு நிபந்தனைகளும் துணைக்கு இருக்கட்டும். ஏனெனில் காலையில் ஒரு முறை மின்சாரம் நின்று பேட்டரி கரைந்திருக்கும்போது, சற்று நேரத்தில் மீண்டும் நிற்கக்கூடும். சிறு பெட்டிகளின் பேட்டரி மீண்டும் நிறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகிறது என்பதை மறவாதீர்கள்.

முன்கூட்டி அணைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஈய-அமில பேட்டரியை முற்றிலும் வடித்துவிட்டால், தகடுகளில் படியும் ஈய சல்பேட்டு இறுகிப்போய்ப் பேட்டரி விரைவில் கெடுகிறது. அவகாசத்தில் கொஞ்சத்தைச் செலவழிக்காமல் விட்டால் பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும்.

மின்சாரம் திரும்பி வந்தால்?

இங்கே ஒரு வேடிக்கையான இக்கட்டு எழுகிறது. மென்பொருள் கணிப்பொறியை அணைக்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்துவிடுகிறது. கணிப்பொறியோ அணைந்துவிட்டது. யு.பி.எஸ். தன் வெளியீட்டை ஒரு நொடியும் நிறுத்தவில்லை. ஆகவே மின்சாரம் நின்று வந்தது என்பதே கணிப்பொறிக்குத் தெரியாது. அது அணைந்தபடியே இருக்கும். ஆளில்லாத இடத்தில், காலையில் ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும் வரை இந்த நிலைதான்!

இதற்கு வழி என்ன? கணிப்பொறி தன் தட்டில் எழுத வேண்டியவற்றை எழுதி முடிக்கும் கடைசித் தருணத்தில் யு.பி.எஸ். பெட்டிக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது: ‘இன்னும் இத்தனை நொடியில் உன் வெளியீட்டை நிறுத்து, வெளி மின்சாரம் இருந்தால் பின்பு மீண்டும் தொடங்கு.’ வெளியே மின்சாரம் வந்திருந்தாலும் பெட்டி ஒரு முறை நிறுத்திவிட்டே மறுபடி தருகிறது. கணிப்பொறியின் அடிப்படை அமைப்பில் ‘மின்சாரம் வந்ததும் தானாக இயங்கு’ என்பதைத் தேர்ந்து வைத்திருந்தால் அது விழித்துக்கொள்ளும்.

அந்த ‘இத்தனை நொடி’ முக்கியம். நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸில் யு.எஸ்.பி. பொது முறைப் பெட்டிகளுக்கு இது பொதுவாக 20 நொடி என்றும், மீண்டும் தொடங்கும் இடைவெளி 30 நொடி என்றும் முன்னமைக்கப்பட்டிருக்கும். உங்கள் கணிப்பொறிக்கு அந்த நேரம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது போதாமல், எழுதிக்கொண்டிருக்கும்போதே பெட்டி மின்சாரத்தை நிறுத்தினால், எதைத் தடுக்க இவ்வளவும் செய்தோமோ அதுவே நடந்துவிடும்.

சில பெட்டிகளில், பேட்டரி ஒரு குறிப்பிட்ட அளவு நிறைந்த பிறகே வெளியீட்டைத் தொடங்கும்படியும் அமைக்கலாம். காலி பேட்டரியுடன் கணிப்பொறி எழுந்து நிற்கும்போது மறுபடி மின்தடை வந்தால் காக்க ஒன்றும் இராது என்பதே இதன் காரணம்.

ஒரே பெட்டியிலிருந்து பல கணிப்பொறிகள் மின்சாரம் பெறும் அலுவலகங்களும் உண்டு. வடம் இணைந்துள்ள கணிப்பொறி முதன்மையானது. அது வலையமைப்பு வழியே மற்றவற்றுக்குச் செய்தி சொல்லி, அவை அணைந்த பின்னரே தான் அணைகிறது. கப்பலின் தலைவர் கடைசியில் இறங்குவது போல. இங்கே பலர் மறந்துவிடுவது ஒன்று: கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்புப் பெட்டியும் யு.பி.எஸ்.ஸிலிருந்தே மின்சாரம் பெற வேண்டும். இல்லையேல் மின்தடை வந்த கணமே செய்தி செல்லும் பாதை அறுந்துபோகும்.

தாழ்ந்த மின்னழுத்தம்

இன்னும் ஓர் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளி மின்னழுத்தம் எந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்கு மாற வேண்டும் என்பதைச் சில பெட்டிகளில் மென்பொருள் வழியே மாற்றலாம். மாலை நேரத்தில் 190 வோல்ட்டுக்கு இறங்கிவிடும் ஊரில் அந்த எல்லை 196 ஆக இருந்தால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே யு.பி.எஸ். மீண்டும் மீண்டும் பேட்டரிக்குத் தாவும். உண்மையான மின்தடை வரும்போது பேட்டரி களைத்திருக்கும். இன்றைய கணிப்பொறி மின்வழங்கிகள் பல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கக்கூடியவை. உங்கள் கருவியின் மீது ஒட்டிய தாளைப் படித்துப் பார்த்து, அது இடம் கொடுத்தால் எல்லையை 180 அளவுக்குத் தாழ்த்தலாம். எல்லாப் பெட்டிகளும் இந்த மாற்றத்துக்கு இசைவதில்லை. எவற்றை மாற்ற இயலும் என்பதை மென்பொருளே பட்டியலிட்டுக் காட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு மடிக்கணிப்பொறியும் இரண்டு 60 வாட் குண்டு விளக்குகளும் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யலாம். யு.பி.எஸ்.ஸின் பேட்டரி நன்கு நிறைந்திருக்கட்டும். வழக்கமான கணிப்பொறியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக இரு விளக்குகளையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். சுமை 120 வாட். செய்தி வடத்தை மடிக்கணிப்பொறியில் இணைத்து, 10 நொடிக்கு ஒரு முறை மின்னழுத்தத்தைப் பதிவு செய்ய விடுங்கள். இப்போது சுவரிலுள்ள விசையை மட்டும் அணையுங்கள். செருகியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் புவி இணைப்பும் அறுந்துவிடும். யு.பி.எஸ். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

கிடைக்கும் எண்களை வரைபடமாக வரையுங்கள். தொடக்கத்தில் ஒரு திடீர்ச் சரிவு, பின்பு மெல்லிய இறக்கம், கடைசியில் முழங்கால் மடங்கியது போன்ற ஒரு வீழ்ச்சி என மூன்று பகுதிகள் தெரியும். நடுவில் ஒரு விளக்கை அணைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் சிறிது துள்ளி எழும். அந்தத் துள்ளலைக் குறைந்த மின்னோட்டத்தால் வகுத்தால் அகமின்தடையின் தோராய மதிப்பு வரும். பெட்டி 0.1 வோல்ட் நுட்பம் வரையே சொல்வதால் விடை மிகத் துல்லியமாக இராது. ஆயினும் 0.2 வோல்ட் துள்ளும் பேட்டரிக்கும் 0.9 வோல்ட் துள்ளும் பேட்டரிக்கும் உள்ள வேற்றுமை ஐயமின்றிப் புலப்படும்.

வேறொரு நாள், பேட்டரியை மீண்டும் நிறைத்துவிட்டு, ஒரே விளக்கை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நேரம் இரு மடங்குக்கு மேல் நீள்வதைக் காண்பீர்கள். 1897-இல் பாய்க்கெர்ட் கண்ட விதி உங்கள் மேசை மீதே மெய்ப்பிக்கப்படுகிறது! இரு வேறு சுமைகளில் அளந்த நேரங்களை நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸின் எளிய மொழிப் பகுதிக்குக் கொடுத்துவிடவும் முடியும். அதன் பின் அது காட்டும் மீதி நேரம், உங்கள் பேட்டரியின் உண்மை நடத்தையை ஒட்டியதாக இருக்கும். இச்சோதனையை ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் போதும். அடிக்கடி முழுமையாக வடிப்பது பேட்டரிக்கு நல்லதன்று. அளந்த நேரம் புதிதாக இருந்தபோது கிடைத்ததில் பாதியாகக் குறைந்துவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் எறியாமல் விற்பவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஈயம் நச்சுப் பொருள்; அதனை முறையாகத் திரட்டி மீண்டும் பயன்படுத்துவதற்கு நம் நாட்டில் 2022-இல் விதிகள் வெளியிடப்பட்டுள்ளன.

எல்லாவற்றையும் அமைத்த பிறகு, ஒரு நாள் கணிப்பொறியை மீண்டும் யு.பி.எஸ்.ஸில் இணைத்து, முக்கியமான வேலை எதுவும் இல்லாத நேரத்தில் சுவர் விசையை அணைத்துவிட்டு எட்டி நின்று பாருங்கள். ஒலிப்பான் கூவும். திரையில் எச்சரிக்கை வரும். நான்காம் நிமிடத்தில் நிரல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். கணிப்பொறி அணையும். சிறிது நேரத்தில் யு.பி.எஸ்.ஸும் ஓயும். பிறகு விசையைப் போடுங்கள். இரண்டும் தாமாகவே எழுந்து, வேலைக்கு ஆயத்தமானால் உங்கள் அமைப்பு சரி. ஏதேனும் ஓர் இடத்தில் தடங்கினால், எந்த நொடிக்கணக்கைத் திருத்த வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.